குடி பற்றிய கருத்துக் கட்டுரைகள்: அக்காவிடம் கேளுங்கள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில், ஒரு கருத்துக் கட்டுரை வாசகரை எப்படித் தன் பக்கம் இழுக்கிறது என்று அலசி எழுத வேண்டும். இந்த முறை தலைப்பு பிஞ்ச் டிரிங்கிங், அதாவது ஒரே அமர்வில் அளவு மீறிக் குடிப்பது.

மாணவி: கட்டுரையில் 'எபிடெமிக்' (கொள்ளைநோய்) என்று வந்தால் 'உணர்ச்சியைத் தூண்டும் சொல்' என்று எழுதினால் போதுமா அக்கா?

போதாதும்மா. அந்தச் சொல் என்ன வேலை பார்க்கிறது என்று எழுது. 2008-இல் பிரதமர் கெவின் ரட் இதே சொல்லைச் சொல்லித்தான் 5.3 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தார். கொள்ளைநோய் என்றதும் நாளை நம் வீட்டுக்கும் வரும் என்ற பயம் வருகிறது. அப்புறம் அரசு தலையிடுவதை யாரும் கேள்வி கேட்பதில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் அல்கோபாப் என்ற இனிப்பு மதுவகைகளுக்கு வரி 70 சதவீதம் ஏறியது. எதிர்த்தவர்கள் இது கஜானாவை நிரப்பும் வேலை என்றார்கள். பேச்சு பிள்ளைகளின் உடம்பிலிருந்து பணத்துக்குத் தாவிவிட்டது. மதிப்பெண் அந்தத் தாவலைப் பிடிப்பதில்தான் இருக்கிறது.

ஒரு அப்பா: புள்ளிவிவரம் கொடுத்தால் நம்பலாம்தானே?

எந்த அளவை மீறியவர்கள் என்று பாருங்கள். ஆஸ்திரேலிய வழிகாட்டுதல்படி ஒரு நாளில் 4 ஸ்டாண்டர்டு டிரிங்குக்கு மேல் கூடாது. ஒன்றில் 10 கிராம் ஆல்கஹால். வருடத்தில் ஒருமுறை தாண்டியவரையும் வாராவாரம் தாண்டுபவரையும் ஒரே கணக்கில் சேர்த்தால் கூட்டம் பெரிதாகத் தெரியும்.

மாணவன்: கட்டுரை இறந்துபோன பையனின் கதையோடு தொடங்கினால்?

சிட்னி கிங்ஸ் கிராஸில் 2012-இலும் 2013-இன் கடைசி இரவிலும் தாக்கப்பட்ட 18 வயது இளைஞர் இருவர் உயிரிழந்தார்கள். 2014 பிப்ரவரியில் சட்டம் வந்தது: அப்போது இரவு 1.30-க்கு மேல் மதுக்கூடங்களுக்குள் புதிதாக யாரும் போக முடியவில்லை, 3 மணிக்கு மேல் மது கிடைக்கவில்லை. அந்தத் துக்கம் உண்மையானது, அதை 'உத்தி' என்று மட்டும் எழுதிவிடாதே. ஆனால் கதையைப் படித்தபின் சட்டத்தை எதிர்ப்பதே இறந்தவரை அவமதிப்பது போல ஆகிவிடுகிறது. எதிர்பாராத நேரத்தில் ஒரே குத்தில் வீழ்த்துவதை 'கிங் ஹிட்' என்று சொல்லிவந்த பத்திரிகைகள் 'கோவர்டு பஞ்ச்' (கோழையின் குத்து) என்று மாற்றியதும் இந்தச் சமயத்தில்தான். பழி முழுக்க அடித்தவன் மேல் விழுகிறது; ஊற்றிக் கொடுத்த கடை கண்ணில் படுவதில்லை. எனக்கு இதுதான் உறுத்துகிறது.

அதே மாணவன்: எதிர்ப்பக்கம்?

'நேனி ஸ்டேட்' என்பார்கள். வளர்ந்தவரை ஆயா பார்த்துக்கொள்வதா என்ற கோபம் கிளம்பும். இரவு வேலை போன இசைக்கலைஞர்களையும் கூடவே காட்டுவார்கள்.

மாணவி: எதில் தொடங்குவது?

கட்டுரை யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதில். பெற்றோரிடம் பேசும் குரல் பதினெட்டு வயதுக்காரரிடம் எடுபடாது.