மூச்சை இழுங்க, விடுங்க

அன்புள்ள அக்காவுக்கு,

முன்பு யோகா வகுப்பு எடுத்ததைப் பற்றி ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். நானும் ஆறு வருடம் யோகா டீச்சர். நிறுத்தி ஒரு வருடமாகிறது. அதற்கப்புறம் யோகா மேட்டை விரிக்கவே மனசு வரவில்லை. விரித்தாலும் பத்து நிமிடத்தில் சுருட்டிவிடுகிறேன். “இன்னும் பண்றீங்களா?” என்று யாராவது கேட்டால் “தினமும்” என்று பொய் சொல்கிறேன். எனக்குப் பிடித்தது யோகாவா, டீச்சராக இருந்ததா? நீங்கள் ஏன் விட்டீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தப் பொய்யை நானும் சொல்லியிருக்கிறேன், ரொம்ப நாள்.

விட்டதற்கு வெளியே சொன்ன காரணம் வலி. ஒரு நாளைக்கு மூன்று வகுப்பு. மூன்றிலும் உடம்பு சூடாகும் முன்பே பச்சிமோத்தானாசனத்தில், அதாவது காலை நீட்டி உட்கார்ந்து, முன்னால் குனிந்து காட்டுவேன். உட்கார்ந்தால் தரையில் படுமே ஓர் எலும்பு, பின்தொடைத் தசை வந்து ஒட்டும் இடம், அங்கே குத்த ஆரம்பித்தது. இறுக்கம் என்று நினைத்து இன்னும் நீட்டினேன். நீட்ட நீட்ட அந்தத் தசைநார் மேலும் புண்பட்டது. “குனியவே கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக எடை கொடுத்துப் பலப்படுத்துங்கள்” என்றார் பிசியோதெரபிஸ்ட். ஆற மாதக்கணக்கானது.

வலி போன பிறகும் நான் மேட் பக்கம் போகவில்லை. ஏன் என்று யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. “மூச்சை உள்ளே இழுங்க” என்று சொல்லிப் பாருங்கள். சொல்கிறவரின் மூச்சு அப்போது வெளியே போய்க்கொண்டிருக்கும். பேச்சு என்பதே வெளிமூச்சுதானே? ஒன்பது வருடம் எல்லோருக்கும் மூச்சு எண்ணினேன். என் மூச்சு அவர்கள் மூச்சுக்கு எதிர்த்திசையிலேயே ஓடியிருக்கிறது. சவாசனத்தில் எல்லோரும் படுத்திருக்க, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி ஆசனத்துக்கென்று ஒதுக்கியது மூன்றே சூத்திரம். நிலையாக, சுகமாக இரு என்கிறது முதலாவது. முயற்சியைத் தளர்த்து என்கிறது இரண்டாவது. முதலாவதை வகுப்பில் ராகமாகச் சொல்வேன், இரண்டாவதை வேகமாகத் தாண்டிவிடுவேன். தளர்வதை எப்படிச் செய்து காட்டுவது?

காட்டுவதைக் குறை சொல்லவில்லை. 1930-களில் மைசூரில் யோகா குரு கிருஷ்ணமாச்சாரியார் சீடர்களை மேடையேற்றி ஆசனங்கள் செய்து காட்ட வைத்ததும் யோகாவைப் பரப்பத்தான். உலகப் புகழ் பெற்ற யோகா ஆசிரியர்கள் பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அவரிடம் படித்தவர்கள். ஆனால் அவரே பின்னாளில் ஆளுக்கு ஆள் மாற்றி, அவரவர் உடம்புக்கும் வயசுக்கும் தகுந்தபடி தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அந்தப் பிற்கால கிருஷ்ணமாச்சாரியாரைத்தான் பிடிக்கிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். டீச்சராக இருந்ததும் பிடித்துத்தான் இருக்கும், அதிலென்ன வெட்கம்? நாற்பது பேர் ஒரு குரலுக்குக் கை தூக்குவது சின்ன போதை இல்லை. அது தெளிய எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. அப்புறம் உங்கள் பத்து நிமிடம்: அதில் வாய் திறக்காமல் இருந்தீர்கள்தானே? அந்த ஆறு வருடத்தில் அப்படி எத்தனை பத்து நிமிடம் கிடைத்தது?

நான் இப்போது சுவரைப் பார்த்து மேட் விரிக்கிறேன், இருபது நிமிடம். முழங்காலை மடக்கிக்கொண்டுதான் குனிகிறேன். எதிரே இருப்பவர்களுக்குக் கண்ணாடி மாதிரி காட்டிக் காட்டிப் பழகியதால், வலது கை என்று நினைத்தால் இன்னமும் இடது கைதான் முதலில் எழும்புகிறது.