அடுக்கி வைத்தால் பின்னேரம் சுகம்: ரீச்சரிடம் கேளுங்கள்

மனையியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். வேலைக்குப் போகிறவர்களின் இராச்சாப்பாட்டுக் கேள்விகளுக்கு இன்று பதில்.

கொக்குவில்: ரீச்சர், வேலையால் வர ஆறு மணியாகும். வெளிநாட்டில் கஸரோல் என்று முதல்நாளே தட்டில் அடுக்கி வைப்பார்களே, அதுபோல எங்கள் வாய்க்கு ஏதாவது?

இடியப்ப அடுக்கு செய்யுங்கள், பிள்ளை. சிவப்பரிசிமா இடியப்பம் பதினைந்து. மீனை அவித்து முள் எடுத்து உதிர்த்து, சின்னவெங்காயம், பச்சைமிளகாய், கறித்தூளோடு பிரட்டுங்கள். குழம்பு நின்றால் விடிய இடியப்பம் களியாகிவிடும். அகப்பையால் ஒதுக்கினால் சட்டியின் அடி தெரிய வேண்டும், அதுதான் பதம். எண்ணெய் பூசிய தட்டில் இடியப்பம், மீன், ஒரு பிடி முருங்கையிலை, துருவிய கரட், திரும்ப இடியப்பம். எல்லாம் ஆறிய பிறகு மூன்று முட்டையை ஒரு கப் தேங்காய்ப்பாலில் அடித்து ஊற்றி, மூடி பிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் 180 பாகையில் நாற்பது நிமிடம். நடுவில் கத்தி விட்டால் ஈரமில்லாமல் வர வேண்டும். தேசிக்காயைச் சாப்பிடும்போது பிழியுங்கள், முன்பே பிழிந்தால் பால் திரையும்.

கண்ணாடித் தட்டைப் பிரிட்ஜிலிருந்து நேரே சூடான அவணுக்குள் வைக்காதீர்கள். எனக்கு ஒருமுறை வெடித்தது, மூன்று நாள் குசினி கூட்டினேன்.

மானிப்பாய்: அவண் இல்லை, என்ன செய்ய?

தட்டை இறுக்க மூடி, பெரிய பானையில் நீராவியில் அவியுங்கள். நடு இறுகும்வரை அரை மணிக்கு மேல் பிடிக்கும். மேல் மொறுமொறுப்பு வராது, ருசி வரும்.

சுன்னாகம்: அவருக்குச் சீனி வருத்தம். எத்தனை துண்டு கொடுக்கலாம்?

அது கிளினிக்கில் கேட்க வேண்டியது.

நல்லூர்: அவண் இல்லாமல் முடியுமா?

மானிப்பாய்க்குச் சொன்னதைப் பாருங்கள்.

உரும்பிராய்: இரவுச் சோற்றைப் பானையிலேயே மூடி வைத்து, மறுநாள் கறியோடு அடுக்கலாமா?

வேண்டாம். இதைப் பள்ளிக்கூடத்திலும் ஒவ்வொரு வருடமும் கத்தினேன். பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து கொதித்தாலும் சாகாது. வெதுவெதுப்பான சோற்றில் முளைத்துப் பெருகி நஞ்சு விடும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள்.

சாவகச்சேரி: சும்மா பயம் காட்டாதீர்கள் ரீச்சர். எங்கள் அப்பாச்சி தொண்ணூறு வயது வரை பழஞ்சோறுதான் சாப்பிட்டார்.

நல்லது ஐயா. ஆனால் அப்பாச்சி சோற்றை எப்படி வைத்தார்? ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றித்தானே? தண்ணீருக்குள் சோறு புளிக்கும், அந்தப் புளிப்பு மற்றக் கிருமிகளை அடக்கும். சூட்டோடு மூடிய பானையில் அது நடக்காது. அப்பாச்சி என் பக்கம்.

பருத்தித்துறை: அப்படியென்றால் விடிய எழும்பித் தண்ணீர் ஊற்றினால் சரிதானே?

இல்லை. இரவு முழுக்க மூடிக் கிடந்த சோற்றுக்கு விடியத் தண்ணீர் ஊற்றினால் அது பழஞ்சோறு ஆகாது, ஈரமான பழைய சோறுதான்.

சாவகச்சேரி: ஆனாலும் அந்தக் காலத்து ஆட்களின் வயிறு வேறு.

வயிறு அதேதான் ஐயா. அவர்கள் அளவாகச் சமைத்தார்கள், மிச்சம் குறைவு.

கோண்டாவில்: அவண் இல்லாதவர்கள்…

மானிப்பாய்! மானிப்பாய்!

திருநெல்வேலி: அடுக்கி வைத்த பிறகு கரண்ட் போனால்?

கதவைத் திறக்காமல் விட்டால் நாலு மணித்தியாலம் குளிர் தாங்கும். அதற்கு மேல் போனால் மீனும் முட்டையும் போட்ட தட்டைக் கொட்டிவிடுங்கள். குளிர் இருக்கிறதா என்று திறந்து திறந்து பார்க்கிறவர்தான் எங்கள் வீட்டிலும் இருக்கிறார்.