குப்பை எப்போது எருவாக இல்லாமல் போனது? – சூழலியல் கேள்வி பதில்

ஒரு காடு யாருடைய உதவியும் இன்றித் தன்னை நிலைநிறுத்திக்கொள்கிறது. மனித சமூகத்தால் அப்படி முடிகிறதா? இந்தப் பொருளில் கேள்விகளை அனுப்பும்படி கேட்டிருந்தேன். சென்னையின் பல பகுதிகளிலிருந்தும் வந்தவற்றில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, இங்கே விடை எழுதுகிறேன். கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாவரவியலும் சூழலியலும் நடத்தியவன் நான். தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி (அண்ணா நகர், கல்லூரி மாணவி): ஐயா, வணக்கம். நிலைத்து வாழ்வதற்கான சூழலியல் விதிகள் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்? அவற்றில் மனித சமூகம் தேறுமா?

வணக்கம் அம்மா. பாடநூல்கள் பலவிதமாக வகுத்தாலும் அடிப்படையில் அவை நான்குதான். நிலைத்து நிற்கும் எந்த இயற்கை அமைப்பும் அன்றாடம் வரும் சூரிய ஒளியைக் கொண்டே இயங்குகிறது. தனக்குள் இருக்கும் சத்துகளை மீண்டும் மீண்டும் சுழற்றிக்கொள்கிறது. பலவகை உயிர்களைத் தனக்குள் வைத்திருக்கிறது. அதில் எந்த உயிரின் எண்ணிக்கையும் நிலம் தாங்கும் அளவை நெடுங்காலம் மீறுவதில்லை.

இந்த நான்கிலும் நாம் தேறவில்லை. ஆனால் நான்கிலும் ஒரே அளவுக்குத் தவறவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சூரிய ஒளிக்குத் திரும்புவது பற்றி உலகம் முழுவதும் பேச்சாவது நடக்கிறது, வேலையும் நடக்கிறது. மக்கள்தொகைப் பெருக்கத்தின் வேகம் தணிந்துவருகிறது. சத்துகளைச் சுழற்றும் இரண்டாவது விதியில்தான் நாம் மிக மோசமாகத் தவறியிருக்கிறோம் என்பதும், அதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறோம் என்பதும் என் கருத்து. ஆகவே கீழே அதைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (பெருங்குடி): எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் குப்பைமேடு தெரியும். கிடங்கை அகழ்ந்து தரம் பிரிக்கும் வேலை நடந்தபோது, இனிச் சிக்கல் தீரும் என்றார்கள். காட்டில் குப்பையே இல்லை என்று சொல்கிறீர்களே, அது எப்படி?

காட்டில் இலை உதிர்கிறது, விலங்கு சாகிறது, சாணம் விழுகிறது. அவை எதுவும் குப்பையாகத் தேங்காததற்குக் காரணம், ஒவ்வொன்றையும் உண்பதற்கு ஓர் உயிர் காத்திருப்பதுதான். கறையானும் பூஞ்சையும் பாக்டீரியாவும் உதிர்ந்ததைச் சிதைத்து, அதிலிருந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பொட்டாசியத்தையும் அதே மரத்தின் வேருக்குத் திருப்பித் தருகின்றன.

நம் கிராமங்களில் 'வயலுக்குக் குப்பை அடிப்பது' என்ற வழக்கு இன்றும் உண்டு. மாட்டுச் சாணமும் வைக்கோலும் சாம்பலும் மட்கிக் கிடக்கும் குழிக்குக் குப்பைக்குழி என்று பெயர். கோடையில் அதை வண்டியில் ஏற்றி வயலில் கொட்டுவார்கள். அங்கே குப்பை என்றால் எரு, அதாவது செல்வம். அதே சொல்லை நகரத்தில் நாம் ஒழித்துக்கட்ட வேண்டிய பொருளுக்குப் பயன்படுத்துகிறோம். மண்ணுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பொருள் திரும்பும் வழி அடைபட்டதால்தான் இந்தச் சொல்லின் பொருளே மாறியிருக்கிறது.

சென்னையில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. அதில் பாதிக்கு மேல் காய்கறித் தோல், மீந்த சோறு, பூ, இலை போன்ற மட்கும் பொருள்தான். அதைப் பிளாஸ்டிக்கோடும் உடைந்த கண்ணாடியோடும் கலந்து பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பல பத்தாண்டுகளாகக் குவித்தோம். அதிலும் பெருங்குடிக் கிடங்கைப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மீதே வைத்தோம். பழைய குவியலை அகழ்ந்து பிரிப்பது தேவையான வேலைதான். ஆயினும் வீட்டு வாசலில் பிரிக்கப்படாத குப்பை அன்றாடம் வந்துகொண்டிருக்கும்வரை, அந்த வேலை ஒரு மேட்டைக் கரைத்து இன்னொரு மேட்டுக்கு இடம் செய்வதாகவே முடியும்.

கேள்வி (பெரம்பூர், பள்ளி ஆசிரியை): சுழற்சி என்பதை மாணவர்களுக்கு விளக்க, சென்னைக்கு அருகில் நேரில் காட்டக்கூடிய எடுத்துக்காட்டு ஏதாவது உண்டா?

வேடந்தாங்கலுக்கு அழைத்துச் செல்லுங்கள் அம்மா. சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் போவது நல்லது. மாணவர்கள் பறவைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், அவற்றுக்குக் கீழே உள்ள இலைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். நீருக்குள் நிற்கும் மரங்களின் இலையும் கிளையும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடக்கும். அத்தனையும் எச்சம். நத்தை குத்தி நாரை சுற்றுப்புற வயல்களில் நத்தையைத் தின்றுவிட்டு வந்து இங்கே எச்சமிடுகிறது. கூழைக்கடாவும் நீர்க்காகமும் வேறு ஏரிகளின் மீனைத் தின்றுவிட்டு வருகின்றன. எச்சம் கரைந்த ஏரி நீர் மதகு வழியாக வயலுக்குப் பாயும்போது, அந்த நீரே உரமாகிறது.

வேடந்தாங்கல் விவசாயிகளுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரியும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இந்தப் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். காட்டுயிர்ப் பாதுகாப்பு என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலம் அது. பறவை போனால் விளைச்சல் போகும் என்ற கணக்குத்தான் அவர்களை அப்படிப் பேச வைத்தது. நான்கு விதிகளில் இரண்டை ஓர் ஊர் தன் வயலோரத்திலேயே கண்டுகொண்டிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

கேள்வி (திருவொற்றியூர்): இப்போது செயற்கை உரம் இருக்கிறதே? சுழற்சி அறுந்தால் என்ன கெட்டுவிட்டது?

நைட்ரஜனுக்கு நீங்கள் சொல்வது ஓரளவு பொருந்தும். காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் வழியை ஃபிரிட்ஸ் ஹேபர் கண்டுபிடிக்க, கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்க்க, 1913 முதல் அது உலகைச் சுற்றி வருகிறது. இன்று மனிதர்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் உணவு அந்த உரத்தை நம்பியே இருக்கிறது. அதை இகழ்ந்து பேச எனக்கு மனம் வராது. ஆனால் அதைச் செய்ய இயற்கை எரிவாயுவோ நிலக்கரியோ எரிய வேண்டியிருக்கிறது என்பதையும், பயிர் எடுத்துக்கொள்ளாத மீதி ஆற்றிலும் கடலிலும் போய்ச் சேர்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

பாஸ்பரஸின் நிலை வேறு. அதைக் காற்றிலிருந்து எடுக்க முடியாது, பாறையிலிருந்துதான் வெட்டியெடுக்க வேண்டும். உலகின் பாஸ்பேட் பாறை இருப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு மொராக்கோவின் வசம் இருக்கிறது. இந்தியா தன் தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. அப்படி எங்கிருந்தோ வந்த பாஸ்பரஸ் செங்கல்பட்டு வயலில் நெல்லாகி, நம் தட்டில் சோறாகி, நம் உடலிலிருந்து கழிவறைக்குப் போகிறது. ஒருவர் நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை கிராம் வரை பாஸ்பரஸை வெளியேற்றுகிறார். பெருநகரத்தில் ஒரு கோடிப் பேர் என்று வைத்துக்கொண்டால், அன்றாடம் 10 டன்னுக்கு மேல். அதில் சுத்திகரிப்பில் பிடிபடாத பகுதி கூவத்திலும் அடையாற்றிலும் ஆகாயத்தாமரையை வளர்த்துவிட்டு வங்கக் கடலில் கலக்கிறது. பாறையிலிருந்து கடல்வரை ஒரே திசையில்தான் இந்தப் பயணம். கடலடியில் படிந்தது மீண்டும் பாறையாகி மேலெழப் பல லட்சம் ஆண்டுகளாவது ஆகும்.

கேள்வி (மயிலாப்பூர்): அப்படியென்றால் நம் முன்னோர்களின் வாழ்க்கை முறைக்கே திரும்பிவிடலாமா?

ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு வழியும்படி ஏரிச் சங்கிலியை அமைத்த அறிவுக்குத் திரும்பலாம். எல்லாவற்றுக்கும் திரும்ப நான் சொல்ல மாட்டேன். பழைய நகரங்களில் மனிதக் கழிவும் ஒருவகையில் மண்ணுக்குத் திரும்பியது உண்மை. ஆனால் அந்தச் சுழற்சி யாருடைய தலையில் சுமத்தப்பட்டிருந்தது என்று கேட்க வேண்டும். குறிப்பிட்ட சாதிகளில் பிறந்தவர்களைக் கையால் அள்ள வைத்துத்தான் மற்றவர்கள் தூய்மையாக இருந்தார்கள். 1993இலும் 2013இலும் சட்டம் இயற்றித் தடை செய்த பிறகும் கழிவுநீர்த் தொட்டிகளில் உயிர்கள் போகின்றன. ஒரு மனிதரின் மானத்தை அழித்து நடக்கும் சுழற்சியை நிலைத்த வாழ்வு என்று சொல்ல என்னால் முடியாது.

மனிதக் கை படாமல் கழிவுச் சத்து மண்ணுக்குத் திரும்ப எந்திரங்களும் குழாய்களும் வேண்டும். நம் ஊரிலேயே தொடக்கம் இருக்கிறது. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலைவரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் 2019 முதல் இயங்குகின்றன. நீர் சுழலத் தொடங்கிவிட்டது. அதிலுள்ள சத்து வயலுக்குத் திரும்புவதே அடுத்து நடக்க வேண்டிய வேலை.

கேள்வி (வேளச்சேரி): மாடியில் சோலார் வைத்துவிட்டோம். முதல் விதியில் தேறிவிட்டோமா?

நல்ல தொடக்கம். உலகம் பயன்படுத்தும் ஆற்றலில் ஏறத்தாழ 80 விழுக்காடு இன்னும் நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு ஆகியவற்றிலிருந்தே வருகிறது. அவையும் சூரிய ஒளிதான், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சேமித்த ஒளி. அதை இருநூற்றைம்பது ஆண்டுகளில் எரித்ததால், காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு 420ஐத் தாண்டிவிட்டது.

உங்கள் பகுதிக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. சூரியன் கடல்நீரை ஆவியாக்கி, உப்பை நீக்கி, மழையாக நம் தலைமேல் கொட்டுகிறான். ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல், இலவசமாக. அதைப் பிடித்து வைக்கச் சரிவைப் பார்த்து ஒன்றன் கலங்கல் (மிகுநீர் வெளியேறும் வழி) வழிந்து அடுத்தது நிரம்பும்படி ஏரிகளை வெட்டியிருந்தார்கள். மாம்பலம் ஏரியை 1920களில் தூர்த்துத் தியாகராய நகரைக் கட்டினோம். நுங்கம்பாக்கத்தில் ஏரி போய், டேங்க் பண்ட் ரோடு என்ற பெயர் மட்டும் நிற்கிறது. 2015இல் வெள்ளம், 2019இல் நான்கு நீர்த்தேக்கங்களும் வறண்டு தண்ணீர் லாரிக்கு வரிசை. இப்போது அதே கடல்நீரை நெம்மேலி போன்ற இடங்களில் ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவழித்துக் குடிநீராக்குகிறோம். வேறு வழியில்லாத நிலையில் அதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாடி சோலாரைப் போலவே மழைநீர்த் தொட்டியும் சூரிய ஆற்றலைப் பிடிக்கும் கருவிதான். உங்கள் வீட்டுத் தொட்டியை ஐப்பசிக்கு முன் ஒருமுறை தூர் வாரிவிடுங்கள்.

கேள்வி (தாம்பரம்): ஓர் உயிரினம் அழிந்தால் மனிதருக்கு என்ன நட்டம்?

கழுகு இனத்தில் பிணந்தின்னிக் கழுகை எடுத்துக்கொள்ளுங்கள். மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலிநீக்கி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது. 1990களில் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே இந்தியாவில் 95 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. 2006இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். அதற்குள் கிராமத்து எல்லைகளில் பிணங்கள் அழுகிக் கிடந்தன, தெருநாய்கள் பெருகின. ஊதியமின்றி உழைத்த துப்புரவாளரை இழந்த பிறகுதான் அவர் செய்த வேலை தெரிந்தது. தமிழ்நாட்டில் இன்று நீலகிரி அடிவாரத்து மோயாறு பள்ளத்தாக்கில் சிறு எண்ணிக்கையில் கழுகுகள் எஞ்சியிருக்கின்றன.

கேள்வி (ராயபுரம்): எல்லாவற்றுக்கும் மக்கள்தொகைதானே காரணம்?

பாதி உண்மை. 1944இல் அலாஸ்காவுக்கு அப்பால் செயின்ட் மேத்யூ தீவில் 29 கலைமான்களை (ரெயின்டீர்) விட்டார்கள். பகை விலங்கு இல்லாததால் 1963இல் 6,000 ஆயின. பாசியும் பூஞ்சையும் இணைந்து வளரும் பாசிக்காளானை (லைக்கன்) அடியோடு தின்று தீர்த்ததும், ஒரே கடுங்குளிரில் மடிந்து, 1966இல் 42 மட்டுமே எஞ்சின. மனிதர்கள் கலைமான்கள் அல்ல. தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி 2019-21 கணக்கெடுப்பில் 1.8 ஆகிவிட்டது, பெண்கள் படித்ததும் குழந்தைகள் பிழைத்ததும் இதற்குக் காரணம். ஆனால் கலைமான்கள் அனைத்தும் ஒரே அளவுதான் தின்றன. உலகில் எல்லோரும் சராசரி அமெரிக்கரைப் போல வாழ்ந்தால் ஏறத்தாழ ஐந்து பூமி வேண்டும். சராசரி இந்தியரைப் போல வாழ்ந்தால் ஒன்றே போதும். ஆகவே எத்தனை பேர் என்பதோடு, யார் எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டும்.

கேள்வி (கே.கே. நகர்): அடுக்குமாடியில் இரண்டாம் தளத்தில் இருக்கிறேன். மண்ணே இல்லை. நான் எங்கே தொடங்குவது?

அடியில் ஓட்டை போட்ட இரண்டு மண்பானைகள் போதும் அம்மா. ஒன்றில் அன்றன்றைய காய்கறித் தோல், டீத்தூள், வாடிய பூ ஆகியவற்றைப் போட்டு, அதே அளவு காய்ந்த இலையையோ தேங்காய் நாரையோ மேலே தூவுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள்; இன்னும் கொஞ்சம் சருகு சேர்த்துக் கிளறிவிடுங்கள். சிறு வெள்ளைப் புழுக்களைக் கண்டு அஞ்ச வேண்டாம், மட்கும் வேலையில் அவையும் உதவுகின்றன. முதல் பானை நிறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அதை மூடி வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்குங்கள். அதுவும் நிறையும் வேளையில் முதல் பானையைத் திறந்தால், கறுத்து உதிரியாக, முதல் மழை பட்ட மண்ணின் வாசனையோடு இருக்கும். சலித்து, வாசலில் நிற்கும் புங்கமரத்தின் அடியில் போடுங்கள்.