கிட்டார் வாசிப்பதற்கு முன் கைகளை எப்படித் தயார் செய்துகொள்ள வேண்டும்?

இரண்டு மாதங்களாக ஸ்டீல் கம்பி கிட்டார் பழகுவதாகவும், இடக்கை விரல் நுனிகள் எரிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வாசிக்க உட்காரும் முன் கைக்கு ஏதேனும் பூச வேண்டுமா, நகம் வளர்க்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மேடைக் கலைஞன் அல்லன். சென்னையில் அலுவலக வேலைக்கு நடுவே பதினான்கு ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். முதல் மூன்று ஆண்டுகள் ஸ்டீல் கம்பியில், அதன்பின் நைலான் கம்பியில் கிளாசிக்கல் முறையில். மருத்துவனும் அல்லன் என்பதால், என் கைகளில் சோதித்துப் பார்த்ததையும் வாசிப்பவர்கள் பரவலாக ஒப்புக்கொள்வதையும் மட்டுமே எழுதுகிறேன்.

வாசிக்க உட்காரும் முன் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம்; கைப் பராமரிப்பின் பெரும்பகுதி கிட்டார் உறையில் கிடக்கும் நேரத்தில், சமையலறையிலும் குளியலறையிலும்தான் நடக்கிறது. அதோடு, இரண்டு கைகளுக்கும் ஒரே கவனிப்பு உதவாது. கம்பியை அழுத்தும் இடக்கைக்குத் தோல் முக்கியம், நகம் எதிரி. வலக்கைக்கு, குறைந்தபட்சம் என்னைப் போல விரலால் மீட்டுபவர்களுக்கு, நகமே வாத்தியத்தின் பாதி.

முதலில் இடக்கை. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அழுத்தம் விழும்போது தோலின் மேலடுக்கு தடித்துக்கொள்கிறது. மண்வெட்டி பிடிப்பவரின் உள்ளங்கையில் நாம் பார்க்கும் அதே காய்ப்புதான் கிட்டார் வாசிப்பவரின் விரல் நுனியிலும் உண்டாகிறது. அதைக் குறுக்கு வழியில் வரவழைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் வாசித்து, தோல் கொப்புளித்து, மறுவாரம் வரை ஓய்வெடுத்தால் காய்ப்பு வராது, கொப்புளம் மட்டுமே மாறி மாறி வரும். நாள்தோறும் பதினைந்து நிமிடமாக இரண்டு முறை வாசித்தால் சில வாரங்களில் எரிச்சல் தானாக அடங்கும். கொப்புளம் வந்துவிட்டால் அதை உடைக்காமல், ஆறும் வரை அந்த விரலுக்கு விடுப்புக் கொடுங்கள். ஸ்பிரிட்டைத் தடவினால் தோல் இறுகும் என்று பலர் சொல்வார்கள்; நானும் தடவிப் பார்த்தேன், தோல் உலர்ந்து வெடித்ததைத் தவிர வேறு பயன் காணவில்லை. நமக்கு வேண்டியது ஒரு பதம்: அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்குக் கெட்டியாக, வெடித்து உரியாத அளவுக்கு ஈரப்பசையோடு. காய்ப்பின் ஓரம் சொரசொரவென்று எழும்பினால் அதைப் பிய்த்து எடுக்கக் கூடாது. கம்பியில் மாட்டி இழுக்காதபடி நைஸான உப்புத்தாளால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் போதும்.

தண்ணீர்தான் காய்ப்பின் முதல் பகை. குளித்து முடித்த கையோடும், துணி துவைத்த கையோடும் கிட்டாரை எடுத்தால் ஊறிய தோலில் கம்பி பள்ளமாகப் பதியும், சில சமயம் தோலடுக்கே பெயர்ந்து வரும். பாத்திரம் துலக்குவது வீட்டில் என் பங்கு வேலை என்பதால் ரப்பர் கையுறை வாங்கி மாட்டியிருக்கிறேன். அதற்குக் கிடைத்த கேலியை இங்கே எழுத வேண்டியதில்லை. காய்கறி நறுக்கும்போது கத்தி வலக்கையில் இருப்பதால் வெட்டுப்படுவது எப்போதும் இடக்கை விரல் நுனி என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடக்கை நகத்தை, விரல் நுனி கம்பியின் மேல் செங்குத்தாக இறங்கும்படி ஒட்ட வெட்ட வேண்டும். நகம் சிறிது நீண்டாலும் விரல் சாய்ந்துகொள்ளும், பக்கத்துக் கம்பியைத் தொட்டு அதன் ஒலியை அடக்கிவிடும். எனக்கு வகுப்பு சனிக்கிழமை காலை. வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாது, விளக்கு வைத்த பிறகு எந்த நாளிலும் வெட்டக் கூடாது என்ற பாட்டியின் சட்டத்தால் வியாழக்கிழமை மாலைக்குள் அந்த வேலையை முடித்தாக வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயத்தால்தான் நகம் வெட்டுவது எனக்கு வாராந்திர ஒழுங்காக மாறியது என்பதை மறுக்க மாட்டேன்.

வலிக்குக் கையை மட்டுமே குற்றம் சொல்வதற்கு முன் வாத்தியத்தையும் பாருங்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிப் புதியவர்களின் வாயை அடைத்துவிடுவார்கள். ஆனால் மலிவு விலைக் கிட்டார்கள் பலவற்றில் கூடம் உண்மையிலேயே கோணலாகத்தான் இருக்கிறது. ஸ்டீல் கம்பிக் கிட்டாரில் பன்னிரண்டாவது ஃபிரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேல் கம்பி நிற்கும் உயரம் இரண்டிலிருந்து மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் விரலுக்குச் சுகம். அது நான்கைத் தாண்டியிருந்தால் எந்தக் காய்ப்பும் உங்களைக் காப்பாற்றாது, கருவி சரிசெய்பவரிடம் கொண்டுபோய்க் கம்பியை இறக்கிக்கொள்வதே வழி. கம்பியின் பருமனும் அப்படித்தான். மெல்லிய கம்பி 0.012 அங்குலம் உள்ள வழக்கமான ஸ்டீல் தொகுப்பில் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ விசையுடன் இழுத்து நிற்கின்றன. நைலான் தொகுப்பில் அது ஏறத்தாழ 40 கிலோதான்.

கைக்கு ஏற்றபடி வாத்தியத்தை மாற்றிக்கொள்வது கௌரவக் குறைவு என்று நினைப்பவர்களுக்கு நான் கிட்டார் கலைஞர் டோனி அயோமியைச் சொல்வேன். பர்மிங்ஹாமில் உலோகத் தகடு ஆலை ஒன்றில் வேலை பார்த்த அவர், 1965இல், பதினேழு வயதில், இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால் கம்பியை அழுத்தும் கையே அதுதான். ஆலையின் மேற்பார்வையாளர் அவருக்கு ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்டின் இசைத்தட்டு ஒன்றைக் கேட்கக் கொடுத்தார். 1928இல் வண்டிவீட்டில் பற்றிய தீயில் இடக்கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போன பின்பும் மீதி இரண்டு விரல்களால் தனி வாசிப்புகளை வாசித்துக் காட்டியவர் ஜாங்கோ. அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுறை செய்து, அதன்மேல் பழைய தோல்சட்டையிலிருந்து வெட்டிய தோலை ஒட்டி, மெல்லிய பேஞ்சோ கம்பிகளைக் கிட்டாரில் மாட்டி வாசித்தார். பிளாக் சபாத் குழுவின் கனத்த ஒலி அந்தக் கையிலிருந்து வந்ததுதான். இதற்கு நேர் எதிராக, புளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் மெல்லிய கம்பியே 0.013 அங்குலம் உள்ள தொகுப்பை மாட்டி, பிளந்துபோன விரல் நுனிகளைச் சூப்பர் குளூவால் ஒட்டிக்கொண்டு வாசித்தார். அவர் வாசிப்பை விரும்பிக் கேளுங்கள், அந்தப் பழக்கத்தை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

வலக்கை விஷயத்தில் இருநூறு ஆண்டுகளாக ஒரு பழைய வழக்கு நடந்து வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்னாண்டோ ஸோர் நகமில்லாமல் விரல் சதையால் வாசித்தார். டியோனிசியோ அகுவாடோ நகத்தால் வாசித்தார். இருவரும் ஸ்பானியர்கள், பாரிசில் நெருங்கிப் பழகியவர்கள். இருவருமாக வாசிக்க ஸோர் எழுதிய இசைக்கு ‘இரண்டு நண்பர்கள்’ என்றே பெயர். பின்னர் வந்த டாரெகா தம் கடைசி ஆண்டுகளில் நகத்தை வெட்டிவிட்டுச் சதையால் வாசித்தார், அவர் மாணவர் புஹோலும் அவ்வழியே நின்றார். செகோவியா சதையும் நகமும் சேர்ந்து தொடும் முறையைப் பெரிய அரங்குகளுக்குக் கொண்டுசென்றபின், இன்று கிளாசிக்கல் வாசிப்பவர்களில் பெரும்பாலோர் அந்த வழியிலேயே இருக்கிறார்கள். நானும் அப்படித்தான்.

உள்ளங்கைப் பக்கமிருந்து பார்த்தால் சதைக்கு மேல் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் நகம் தெரிந்தால் போதுமானது. கட்டைவிரலுக்கு இன்னும் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். கம்பி முதலில் சதையைத் தொட்டு, பிறகு நகத்தின் ஓரத்தில் தடையின்றி வழுக்கி வெளியேற வேண்டும். அதற்காகக் கட்டைவிரல் பக்கத்தில் தாழ்வாகத் தொடங்கி மெல்ல ஏறும் சரிவாக நகத்தைத் தேய்க்கிறோம். வடிவத்துக்குக் கண்ணாடி அரம், அதன்பின் கார் பெயிண்ட் அடிப்பவர்கள் பயன்படுத்தும் 2000 எண் வாட்டர் பேப்பர். இந்த இரண்டாவது வேலையைச் சோம்பலால் விட்டுவிடுபவர்கள்தாம் அதிகம்; கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு இருந்தாலும் ஒவ்வொரு சுரத்திலும் கரகரப்பு கேட்கும். நகவெட்டியை வலக்கைக்குப் பயன்படுத்துவதே இல்லை, அதன் அழுத்தத்தில் நகம் அடுக்கடுக்காகப் பிளந்துவிடும்.

வலக்கையில் நகம் வளர்த்த ஆண் நம் ஊரில் படும் பாட்டைத் தனியாக எழுதலாம். சோற்றைக் கையால் பிசைந்து உண்பவர்களுக்கு நகத்தடியில் சாம்பார் தங்கும், மஞ்சள் கறை ஏறும். உணவுக்குப் பின் பழைய பல்துலக்கும் பிரஷால் நகத்தடியைத் தேய்த்துக் கழுவுவது என் வழக்கம். ஆரஞ்சு உரிப்பது, ஹெல்மெட் கொக்கியைக் கழற்றுவது, டின் மூடியை நெம்புவது ஆகிய எல்லாவற்றையும் இடக்கைக்கு மாற்றிக்கொண்டேன். நனைவதும் காய்வதுமாக இருக்கும் நகம் எளிதில் உடையும் என்பதால் இரவில் படுக்கும் முன் நகங்களில் மட்டும் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். வீணை வாசிப்பவர்கள் இடக்கை விரல்கள் வழுக்கிச் செல்வதற்காக எண்ணெய் தொட்டுக்கொள்வதைப் பார்த்து, வாசிக்கும் முன் அதே போல் செய்து பார்க்காதீர்கள். கிட்டார் கம்பிகளின் சுற்றுக்குள் எண்ணெய் இறங்கினால் சில நாட்களில் ஒலி மங்கிவிடும்.

எவ்வளவு காத்தாலும் நகம் உடையும். ஒருமுறை கிரேடு தேர்வுக்கு நான்கு நாள் முன்னால், பீரோக் கதவில் பட்டு என் நடுவிரல் நகம் சதையோடு ஒட்டப் போய்விட்டது. நகம் மாதத்துக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால் காத்திருக்க வழியில்லை. டேபிள் டென்னிஸ் பந்தை வெட்டி, நகத்தின் வளைவுக்குத் தேய்த்து, மிச்சமிருந்த நகத்தின் மேல் துளிப் பசையால் ஒட்டி வாசித்தேன். இது என் கண்டுபிடிப்பு அல்ல, கிட்டார் வாசிப்பவர்களிடையே பழைய கைவைத்தியம். ஒலி சற்றுத் தட்டையாக இருந்தாலும் தேர்வு முடியும் வரை தாங்கியது. இதைச் செய்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: சூப்பர் குளூ வழிந்தால் பஞ்சால் துடைக்காதீர்கள். பஞ்சோடு சேரும்போது அது தோலைச் சுடும் அளவுக்குச் சூடாகும்.

இனி, வாசிக்கும் நாளில் செய்வது. ஏறத்தாழ இருபது நிமிடங்களுக்கு முன் சாதாரணச் சோப்பால் கையைக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, தோல் மறுபடி இறுகும் வரை விட்டுவிடுகிறேன். வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஸ்டீல் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். நம் கடற்கரைக் காற்றில் அது இன்னும் விரைவாக நடக்கும், எனவே வாசித்த பிறகும் கம்பியைத் துணியால் துடையுங்கள். குளிர்சாதன அரங்கில் விரல்கள் விறைத்துப்போனால் உள்ளங்கைகளைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றுகிறேன். தோள்களைச் சுழற்றி, கைகளைத் தொங்கவிட்டு உதறுவதும் உண்டு. விரல்களைப் பின்னுக்கு வளைத்து இழுப்பதையும் சொடக்கு எடுப்பதையும் நான் செய்வதில்லை.

பிறகு கிட்டாரை எடுத்து, முதல் சில நிமிடங்கள் இடக்கையைத் தொடாமல் திறந்த கம்பிகளை மட்டும் மீட்டுகிறேன். இடக்கையை முதல் ஃபிரெட்டில் தொடங்காமல் ஏழாவதில் தொடங்குவது நல்லது. 650 மில்லிமீட்டர் நீளக் கம்பியில் முதல் ஃபிரெட் இடைவெளியின் அகலம் 36 மில்லிமீட்டர், ஏழாவதில் 26தான்; அங்கே நான்கு விரல்களும் அகல விரியாமல் வரிசையாக நிற்கும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்து விரலுக்கு ஒரு ஃபிரெட் என்று ஒவ்வொரு கம்பியாக ஏறி இறங்கி, பிறகு ஒவ்வொரு ஃபிரெட்டாகக் கீழே வருகிறேன். ஒலி கெடாமல் இருக்க எவ்வளவு குறைவாக அழுத்தினால் போதும் என்று பார்ப்பதற்கும் இதுவே சரியான நேரம். புதியவர்களின் வலியில் பாதி, தேவைக்கு இரு மடங்கு அழுத்துவதால் வருவது. ஒரே விரலால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் பார் கார்டுகளைப் பத்து நிமிடம் கழித்தே தொடுகிறேன்.

விரல் நுனித் தோல் எரிவதும், மணிக்கட்டோ முழங்கையோ கட்டைவிரலின் அடிப்பகுதியோ வலிப்பதும் ஒன்றல்ல. முன்னது பழகப் பழகத் தீரும். பின்னதும், விரல் மரத்துப்போவதும், இரவில் கை குறுகுறுப்பதும் வந்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். தாங்கிக்கொண்டு வாசிப்பதில் வீரம் எதுவும் இல்லை. வலியே இல்லாமல் ஒரு விரல் மட்டும் சொன்னபடி கேளாமல் சுருண்டுகொள்ளும் ஃபோக்கல் டிஸ்டோனியா என்ற கோளாறும் உண்டு. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் டேவிட் லைஸ்னர் 1980களில் அதற்கு ஆளாகி, தம் கை அசைவுகளை அடிப்படையிலிருந்து மாற்றிக் கற்ற பின்பே பழைய வாசிப்புக்கு மீண்டார்.

உங்கள் கேள்விக்கே வருகிறேன். எதையும் பூச வேண்டாம். பிக் (கம்பியை மீட்டும் சிறு வில்லை) பிடித்து வாசிக்கிறீர்கள் என்றால் நகமும் வளர்க்க வேண்டாம், இரண்டு கைகளிலும் வெட்டிவிடுங்கள். உங்கள் கிட்டாரில் 0.012 தொகுப்பு இருந்தால் அடுத்த முறை 0.010 வாங்கி மாட்டிப் பாருங்கள். கம்பியின் உயரத்தையும் ஒருமுறை அளந்து பாருங்கள். அளந்த பிறகும் எரிச்சல் குறையவில்லை என்றால், கம்பி எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது, ஒரு நாளில் எவ்வளவு நேரம் வாசிக்கிறீர்கள் என்ற இரண்டையும் கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.