வங்கி கைப்பற்றிய சிறிய காண்டோ, ஏறத்தாழ நூறு வயதுக் கட்டடம்: வாங்கலாமா?

கேள்வி: சிகாகோவில் 1920-களில் கட்டிய பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் சிறிய ஸ்டூடியோ காண்டோ (அடுக்குமாடியில் தனி உரிமையுள்ள ஒற்றை அறை வீடு) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பழைய உரிமையாளர் கடன் கட்டாததால் வங்கி கைப்பற்றி, இப்போது விற்கிறது. அதே கட்டடத்தின் மற்ற வீடுகளைவிட விலை கால்பங்கு குறைவு. கட்டடத்துக்கு வரலாற்றுச் சின்னம் என்ற பெயரும் உண்டு. துணிந்து வாங்கலாமா?

பதில்:

அந்தக் கால்பங்குத் தள்ளுபடியைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். வீட்டை வங்கி கைப்பற்றியதும் இப்போதைக்கு இரண்டாம் விஷயம். முதலில் பார்க்க வேண்டியது கட்டடத்தின் கணக்குப் புத்தகம்.

நானும் இதே ஊரில் இதே வயதுக் கட்டடம் ஒன்றில்தான் இருக்கிறேன். சில ஆண்டுகளாக உரிமையாளர் சங்கத்தின் பொருளாளர் வேலையும் என் தலையில்தான். வீடு பார்க்க வருகிறவர்கள் சமையலறை அலமாரியைத் திறந்து பார்ப்பார்கள், சன்னல் வழியே ஏரி தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். சங்கத்தின் சேமநிதி, அதாவது பெரிய பழுதுகளுக்கென்று ஒதுக்கிய பணம், எவ்வளவு என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

காண்டோ கிரயத்தில் சுவருக்கு உட்பட்ட இடம் உங்களுக்குத் தனியாக வருகிறது. கூரை, வெளிச்சுவர், பாய்லர், லிஃப்ட், பொதுக் குழாய்கள் எல்லாவற்றிலும் ஒரு பங்கும், அவற்றின் செலவில் அதே பங்கும் கூடவே வருகின்றன. அந்தப் பங்கு எத்தனை சதவீதம் என்பது கட்டடத்தின் மூலப் பத்திரத்தில் இருக்கும். உதாரணத்துக்கு, வெளிச்சுவர் வேலைக்கு 20 லட்சம் டாலர் தேவை, சேமநிதியில் 5 லட்சம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 0.8 சதவீதம் என்றால், சிறப்பு வசூலாக 12,000 டாலர் கேட்டு ஒரு கடிதம் வரும். வீடு சிறியதாக இருப்பதன் உண்மையான லாபம் இங்கேதான்: பங்கும் சிறியது. ஆனால் சின்ன வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் அந்தத் தொகை சின்னது அல்ல.

வெளிச்சுவரை வேண்டுமென்றேதான் உதாரணமாக எடுத்தேன். சிகாகோவில் 80 அடியும் அதற்கு மேலும் உயர்ந்த கட்டடங்களின் வெளிச்சுவரைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை உரிமம் பெற்ற வல்லுநரைக் கொண்டு ஆராய்ந்து நகராட்சிக்கு அறிக்கை தர வேண்டும். பன்னிரண்டு மாடி என்றால் உங்கள் கட்டடமும் அதில் அடக்கம். அக்காலக் கட்டடங்களின் முகப்பில் பூவும் கொடியுமாக இருக்கும் டெரகோட்டா (சுட்ட மண்) அலங்காரத்தை, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும் இரும்புக் கொக்கிகள்தான் பிடித்துக்கொண்டிருக்கும். இணைப்புச் சாந்து விரிசல் விட்டு நீர் புகுந்தால் இரும்பு துருப்பிடித்துப் பருக்கும். பருத்த இரும்பு டெரகோட்டாவை உள்ளிருந்தே உடைக்கும். சன்னல்களுக்கு மேல் செங்கலைத் தாங்கும் எஃகு விட்டங்களுக்கும் இதே கதி. போதாக்குறைக்கு, சிகாகோ குளிரில் புகுந்த நீர் உறைந்து, உருகி, மறுபடி உறைகிறது.

ஆகவே கட்டடத்துக்குள் நுழையும் முன் தெருவில் நின்று அண்ணாந்து பாருங்கள். நடைபாதைக்கு மேல் பாதுகாப்புச் சாரம் போட்டிருந்தால், அது எவ்வளவு காலமாக நிற்கிறது என்று வாசல் காவலரிடம் கேளுங்கள். வேலை நடந்துகொண்டிருந்தால் நல்லது. வேலையாட்களே இல்லாமல் சாரம் மட்டும் ஆண்டுக்கணக்கில் நின்றால், பழுது பார்க்கப் பணமில்லாத சங்கம் சாரத்துக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இனி காகிதங்கள். சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் காண்டோ சட்டத்தில் 22.1 பிரிவின்படி, விற்பவர் உங்களுக்குச் சங்கத்தின் மூலப் பத்திரம், விதிகள், கடந்த நிதியாண்டின் கணக்கு, சேமநிதி நிலவரம், நடப்பு ஆண்டிலும் அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் எதிர்பார்க்கும் பெரிய செலவுகள், நிலுவையிலுள்ள வழக்குகள், அந்த வீட்டுக்காகச் சங்கத்துக்குக் கட்ட வேண்டிய மாதக் கட்டணத்தின் பாக்கி ஆகியவற்றைப் பெற்றுத் தர வேண்டும். வங்கியின் பிரதிநிதி “எங்களுக்கு எதுவும் தெரியாது, உள்ளது உள்ளபடி விற்கிறோம்” என்பார். தெரியாவிட்டால் கேட்டு வாங்கித் தரட்டும். இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றையும் கேளுங்கள்: கடந்த இரண்டு ஆண்டுக் கூட்டக் குறிப்புகள். ஒரே கூரைக் கசிவு கூட்டத்துக்குக் கூட்டம் வந்து, ஒவ்வொரு முறையும் “அடுத்த கூட்டத்தில் பேசலாம்” என்று முடிந்திருந்தால், நிர்வாகத்தைப் பற்றித் தெரிய வேண்டியது தெரிந்துவிடும். மாதக் கட்டணம் பல ஆண்டுகளாக உயரவே இல்லை என்று தரகர் பெருமையாகச் சொன்னால் என் வயிற்றைக் கலக்கும்: பழுதுக்கான பணம் சேராமல் இருக்கலாம்.

வங்கி விஷயத்துக்கு வருகிறேன். நீதிமன்ற ஏலத்தில் எடுப்பதைவிட, கைப்பற்றி முடித்த வங்கியிடம் வாங்குவது எவ்வளவோ மேல். ஏலத்தில் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவும் வழியில்லை, பணத்தையும் கடன் வாங்கி மெதுவாகக் கட்ட முடியாது, உள்ளே ஆள் இருந்தால் அந்தத் தலைவலியும் உங்களுடையது. வங்கியிடம் வாங்கினால் பரிசோதகரை அழைத்துப் போகலாம், வில்லங்கம் பார்க்கலாம், உரிமையில் பின்னால் சிக்கல் வந்தால் ஈடு தரும் உரிமைக் காப்பீடு எடுக்கலாம்.

அந்த வில்லங்கத்தில் காண்டோவுக்கே உரிய முடிச்சு ஒன்று உண்டு. முந்தைய உரிமையாளர் சங்கத்துக்குக் கட்டாமல் விட்ட மாதக் கட்டணத்தில் ஒரு பகுதி, வங்கியிடமிருந்து வாங்குகிறவர் தலையில் விழலாம். பாக்கியை வசூலிக்கச் சங்கம் வழக்குத் தொடங்கியிருந்தால், அதற்கு முந்தைய ஆறு மாதப் பாக்கிக்கு வாங்குகிறவர் பொறுப்பு என்கிறது இல்லினாய் சட்டம். ஏலத்துக்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து கட்டணம் கட்ட வேண்டியது வங்கி. அதை வங்கி கட்டாமல் இழுத்தடித்தால், பழைய பாக்கிக்கான சங்கத்தின் உரிமை அழியாமல் வீட்டின் மேலேயே நிற்கும் என்று இல்லினாய் உச்ச நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்தது. ஆகவே இன்றைய தேதி வரை பாக்கி எவ்வளவு என்று சங்கத்திடம் எழுத்தில் வாங்குங்கள். அதை வங்கியே தீர்க்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். இதற்கு ஒரு வழக்கறிஞர் வேண்டும். சிகாகோவில் வீடு வாங்குகிறவர்கள் வழக்கறிஞர் வைத்துக்கொள்வது வழக்கம்தான். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

அதே கட்டடத்தில் இன்னும் எத்தனை வீடுகள் கட்டணப் பாக்கியில் இருக்கின்றன என்பதும் முக்கியம். 15 சதவீதத்துக்கு மேற்பட்ட வீடுகள் இரண்டு மாதமோ அதற்கு மேலோ பாக்கி வைத்திருந்தால், வீட்டுக் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கும் ஃபேன்னி மே நிறுவனத்தின் விதிகளின்படி கடன் கொடுக்கும் வங்கிகள் பெரும்பாலும் பின்வாங்கும். ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் 2021 ஜூனில் காண்டோ கட்டடம் இடிந்து 98 பேர் இறந்த பிறகு, தள்ளிப்போட்ட பழுதுகளைப் பற்றியும் கடன் தருகிறவர்கள் துருவிக் கேட்கிறார்கள். மிகச் சிறிய ஸ்டூடியோக்களுக்கே கடன் தரத் தயங்குகிற நிறுவனங்களும் உண்டு. ரொக்கமாக வாங்கினால் உங்களுக்குக் கவலையில்லை என்று நினைக்கலாம். நாளை உங்களிடம் வாங்க வருகிறவருக்குக் கடன் கிடைக்க வேண்டுமே!

வரலாற்றுச் சின்னம் என்ற பெயரில் பலர் தேவையில்லாமல் மிரள்கிறார்கள். வரலாற்று இடங்களுக்கான அமெரிக்கத் தேசியப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது என்றால், சொந்தப் பணத்தில் செய்கிற மாற்றங்களை அது தடுப்பதில்லை. நகராட்சியே அறிவித்த சிகாகோ சின்னம் என்றால் கதை வேறு. வெளித்தோற்றத்தை மாற்றும் வேலைகளுக்கான அனுமதியைச் சின்னங்கள் ஆணையம் பரிசீலிக்கும். நடைமுறையில் உங்களை இது தொடுகிற இடம் சன்னல். பழைய மரச் சன்னலைக் கழற்றிவிட்டு மலிவான பிளாஸ்டிக் சன்னல் பொருத்தும் ஆசையை விட்டுவிடுங்கள். சன்னலைப் பழுது பார்ப்பது சங்கத்தின் பொறுப்பா உங்களுடையதா என்று மூலப் பத்திரத்தில் பாருங்கள்.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. துணி சுற்றிய பழைய மின்கம்பிகள், ஃபியூஸ் பெட்டி, துருவேறிய குழாய்கள், ரேடியேட்டருக்குக் கீழே கறுத்த தரை. 1978-க்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதகர் வரும் நாளில் தண்ணீரும் மின்சாரமும் ஓட வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், காலி வீட்டில் வங்கி இரண்டையும் நிறுத்தி வைத்திருக்கலாம். வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் எத்தனை வீடுகளை வாடகைக்கு விடலாம் என்று சங்க விதியில் உச்சவரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கணக்கு சரியாக இருந்தால், சாரம் இல்லாவிட்டால், பாக்கி தீர்ந்தால், நானாக இருந்தால் வாங்கிவிடுவேன், கேட்ட விலைக்கு அல்ல. விற்காமல் கிடக்கும் வீட்டின் விலையை வங்கிகள் அவ்வப்போது குறைப்பது வழக்கம். உங்கள் விலையைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். பதில் சொல்ல அவர்கள் வாரக்கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் கிரயத் தேதியை நீங்கள் தாண்டினால் நாளுக்கு இவ்வளவு என்று அபராதம் போடும் இணைப்புத் தாள் ஒன்று ஒப்பந்தத்தோடு வரும். அதைக் கையெழுத்துக்கு முன்பே உங்கள் கடன் அதிகாரியிடம் காட்டி, அந்தத் தேதிக்குள் முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.