ஆபரேஷன் ஆன கோடை லீவ்ல எப்படி பிளான் போடறது: ஒரு மெக்கானிக்கல் ஸ்டூடண்ட்டுக்கும் அவன் அம்மாவுக்கும்

தம்பி, உன் மெயிலும் படிச்சேன், அம்மா தனியா அனுப்பின மெசேஜும் படிச்சேன். செகண்ட் இயர் முடிச்ச கையோட ஃபுட்பால் ஆடறப்ப முட்டி திரும்பி ஏசிஎல், அதாவது முட்டிக்குள்ள எலும்புகள இணைச்சுப் பிடிக்கற ஒரு லிகமெண்ட், கிழிஞ்சு, ஆபரேஷன் ஆகி இப்ப மூணாவது வாரம், கையில இருந்த இன்டர்ன்ஷிப்பும் போயிடுச்சு, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கம்பெனி ஐடி கார்டோட போட்டோ போடறாங்க நான் மட்டும் கால நீட்டிப் படுத்திருக்கேன்னு எழுதியிருக்க. அம்மாவோட கேள்வி வேற, ஒரு வருஷம் பிரேக் போட்டுடலாமா, போட்டா பையன் பின்தங்கிடுவானான்னு. ரெண்டு பேருக்கும் சேர்த்தே எழுதறேன், ரெண்டு கேள்வியும் ஒரே முடிச்சுலதான் இருக்கு.

போன இன்டர்ன்ஷிப்ப இந்த லீவ்லயே ஈடு கட்டிடணும்னு நினைச்சு பிளான் போடாத. தேர்ட் இயர் காலேஜ் திறக்கற அன்னிக்கு உன் கால் எந்த நிலைமைல இருக்கும், அன்னிக்கு காலேஜ்ல என்னென்ன ஏற்பாடு தயாரா இருக்கணும், இத முதல்ல பேப்பர்ல எழுது. அங்கிருந்து பின்னாடி வந்து இன்னிக்கு என்ன பண்ணணும்னு பாரு. நிறைய பேர் இதத் தலைகீழா பண்றாங்க, லீவ் முழுக்க கோர்ஸ் மேல கோர்ஸா எடுத்துட்டு, காலேஜ் திறந்த முதல் வாரம் மூணாவது மாடி கிளாஸுக்கு ஊன்றுகோலோட ஏற முடியாம லீவ் போட ஆரம்பிச்சு, அட்டெண்டன்ஸ்ல மாட்டிக்கறாங்க.

உன் கால் விஷயம் ஏன் முக்கியம்னா, இந்த ஆபரேஷன்ல கிழிஞ்ச லிகமெண்ட்ட பெரும்பாலும் அப்படியே தைக்கறதில்ல, உன் உடம்புலேயே இன்னொரு இடத்துல இருந்து, ஹாம்ஸ்ட்ரிங் பக்கமோ முட்டிச் சில்லுக்குக் கீழயோ, ஒரு தசைநாண் துண்டை எடுத்து அங்க பொருத்தறாங்க. அந்தத் துண்டு அங்க ஒட்டிப் பலமாக மாசக்கணக்குல ஆகும். இதுல பெரிய சிக்கல் என்னன்னா, ரெண்டு மூணு மாசத்துல வலி நல்லா குறைஞ்சிருக்கும், வீக்கம் இருக்காது, நடை சரியாயிருக்கும், ஆனா உள்ள பொருத்தின கிராஃப்ட் இன்னும் முழு பலத்துக்கு வந்திருக்காது. கணக்குப் போட்டுப் பாரு, காலேஜ் திறக்கறது சரியா அந்த நேரத்துலதான். பஸ்ஸ ஓடிப் பிடிக்கறது, படியில ரெண்டு ரெண்டா தாவறது, ஒரு மேட்ச்தானேன்னு இறங்கறது எல்லாம் அப்பத்தான் நடக்கும். விளையாட்டுக்குத் திரும்பறத 9 மாசம் வரைக்கும் தள்ளிப் போட்டவங்களுக்கு மறுபடி காயமாகற வாய்ப்பு நல்லா குறையுதுன்னு ஆராய்ச்சில தெளிவா வந்திருக்கு, உன் வயசுப் பசங்களுக்குத்தான் மறு காயமும் அதிகம். அதனால முதல் செமஸ்டர்ல டீம் செலக்‌ஷன் கிடையாதுன்னு இப்பவே மனசுல முடிவு பண்ணிடு. திரும்பக் கிழிஞ்சா போறது இன்னொரு கோடை லீவ் இல்ல, ஃபைனல் இயர்.

இப்ப படிப்புக்கு வரேன். மூணாவது வாரத்துல இருக்கற ஆளுக்கு நாளைக்கு 8 மணி நேரம்னு டைம்டேபிள் போட்டா ரெண்டாவது நாளே கிழிஞ்சிடும், அப்புறம் நம்மளால எதுவும் முடியலன்னு தோண ஆரம்பிச்சிடும். ட்ராமடால் மாதிரி வலி மாத்திரை எடுத்திருந்தா தூக்கக் கலக்கமா இருக்கும், ஒரே பாராவ நாலு தடவ படிச்சும் மண்டையில ஏறாது. அது சோம்பேறித்தனம் இல்ல, மருந்து பண்ற வேலை. ஒரு நாள் முழுக்க சும்மா கவனி, எந்த நேரத்துல தலை தெளிவா இருக்குன்னு. நிறைய பேருக்கு காலைல பிசியோ முடிச்சு ஐஸ் வெச்சு கொஞ்சம் படுத்து எழுந்த பிறகு ஒரு ஒன்றரை மணி நேரம் நல்லா கிடைக்கும். அதுதான் உன் படிப்பு நேரம், அத யாருக்கும் கொடுக்காத. அதுலயும் 25 நிமிஷம் படி, எழுந்து கணுக்கால ஆட்டு, ஊன்றுகோலோட ரூமுக்குள்ளயே நட, திரும்ப உக்காரு. நாற்காலில உக்காந்து கால ரொம்ப நேரம் தொங்கப் போட்டா முட்டி வீங்கும், அதனால எதிர்ல ஒரு ஸ்டூல் போட்டு கால நீட்டி வெச்சுக்கோ, ஆனா முட்டிக்கு அடியில தலைகாணி வெக்காத, கால் மடங்கியே பழகி நேரா நீட்ட வராமப் போயிடும். குதிகாலுக்கு அடியில துண்ட சுருட்டி வெச்சு முட்டிய கீழ அழுத்தற பயிற்சி பிசியோ சொல்லிக் கொடுத்திருப்பாங்க, அத ஒவ்வொரு 25 நிமிஷம் முடியறப்பவும் பண்ணினா படிப்பும் பயிற்சியும் ஒண்ணாவே ஓடும். பின்னங்கால் சதை திடீர்னு வீங்கி வலிச்சா, இல்ல மூச்சு வாங்கினா, பயிற்சி வலின்னு விட்டுடாம உடனே டாக்டர்கிட்ட போ, ரத்தக் குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சிருக்கலாம்.

என்ன படிக்கறதுன்னு கேட்ட. எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர், கோர்செரா, எட்எக்ஸ்னு நீ அனுப்பின லிஸ்ட்ல 11 கோர்ஸ் இருக்கு, எல்லாமே நல்ல கோர்ஸ்தான், ஆனா 11ல ஒண்ணுதான் எடுக்கணும். உனக்கு டிசைன் பக்கம் ஆசைன்னு எழுதியிருக்கியே, அப்ப ஃப்ரீகேட் இறக்கு, கம்ப்யூட்டர்ல 3டி மாடல் வரையற சாஃப்ட்வேர், இலவசம், ஓப்பன் சோர்ஸ், 2024ல 1.0 வெர்ஷனும் வந்துடுச்சு. ப்ராஜெக்ட்டுக்கு வெளிய எங்கயும் தேட வேண்டாம், உன் கைக்குள்ளயே இருக்கு. அந்த ஊன்றுகோல எடுத்துப் பாரு. உயரம் மாத்தறதுக்கு அலுமினிய குழாய்ல வரிசையா துளை இருக்கும், உள்ள ஒரு ஸ்பிரிங் பட்டன் இருக்கும். வெர்னியர் அளவுகோல் வெச்சு குழாயோட வெளி விட்டம், சுவர் கனம், துளைக்குத் துளை தூரம் எல்லாம் அள. மாடல் போடு. அப்புறம் உன் மொத்த எடையும் ஒரு ஊன்றுகோல்ல இறங்கினா அந்த பட்டன்ல ஷியர் ஸ்ட்ரெஸ், அதாவது அத குறுக்கா வெட்டற மாதிரி வர்ற அழுத்தம், எவ்வளவு வருது, குழாய் வளைஞ்சு போக, அதாவது ஆய்லர் பக்ளிங்குக்கு எவ்வளவு லோடு வேணும்னு கை கணக்கு போடு. உயரத்த மேல ஏத்த ஏத்த அந்த நம்பர் எப்படி குறையுதுன்னு ஒரு கிராஃப் போடு. செகண்ட் இயர்ல நீ படிச்ச ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் அப்படியே கையில வந்துடும். முடிஞ்சா அடுத்தது முட்டில போட்டிருக்கற பிரேஸ், அதோட கீல்ல எத்தன டிகிரி வரைக்கும் மடங்கலாம்னு ஸ்டாப் வெச்சிருப்பாங்க, அது எப்படி நிக்குதுன்னு கழட்டாம வெளிய இருந்து பார்த்தே வரைஞ்சு பாரு. 6 பக்கத்துல ஒரு ரிப்போர்ட் எழுதி வெச்சுக்கோ. இன்டர்வியூல அந்த கோடை லீவ்ல என்ன பண்ணினன்னு கேட்டா, ஆபரேஷன் ஆச்சு, அப்ப இத பண்ணினேன்னு ஒரே வரில சொல்லிட்டு ரிப்போர்ட்ட நீட்டு. அதுக்கு மேல உன் மெடிக்கல் கதைய விரிக்க வேண்டிய அவசியமே இல்ல.

இன்டர்ன்ஷிப் போயிடுச்சுன்னு நீயே முடிவு பண்ணியிருக்கியா, இல்ல அவங்க சொன்னாங்களா? மெயில்ல அது தெளிவா இல்ல. நீயா வர முடியாதுன்னு மட்டும் சொல்லியிருந்தா இன்னிக்கே ஒரு மெயில் போடு: "எனக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருக்கு, இந்த கோடைல ஷாப் ஃப்ளோர்ல நிக்க முடியாது. குளிர்கால விடுமுறைல வரலாமா, இல்ல உக்காந்து செய்யற டிராயிங், டாக்குமெண்ட் வேலை ஏதாவது இப்ப வீட்ல இருந்தே பண்ணலாமா?" இவ்வளவு போதும். முடியாதுன்னு சொன்னாலும் உன் பேரு அவங்க ஞாபகத்துல இருக்கும்.

இப்ப அம்மாவுக்கு. அம்மா, பிரேக் போடணுமா வேண்டாமான்னு இன்னிக்கு முடிவு பண்ணாதீங்க, ஆனா எந்தத் தேதில முடிவு பண்ணணும்னு இன்னிக்கே தெரிஞ்சு வெச்சுக்கோங்க. காலேஜ் ஆபீஸ்ல மூணு கேள்வி கேளுங்க: மெடிக்கல் லீவுக்கு விண்ணப்பிக்க கடைசி தேதி என்ன, ஒரு செமஸ்டர் மட்டும் எடுக்க முடியுமா இல்ல முழு வருஷமா, எடுத்தா ஸ்காலர்ஷிப்பும் ஹாஸ்டல் இடமும் என்னாகும். மூணாவது கேள்விய விட்டுட்டு பிறகு கஷ்டப்படற குடும்பங்கள நிறைய பார்க்கறேன், பதில எழுத்துல வாங்குங்க. அந்த கடைசி தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி பிசியோகிட்ட பையனக் கூட்டிட்டுப் போய், நொண்டாம நடக்கறானா, கைப்பிடி பிடிச்சு மூணு மாடி ஏறி இறங்க முடியுதா, முட்டிய மடக்கி ஒரு பீரியட் முழுக்க உக்கார முடியுதான்னு பார்க்கச் சொல்லுங்க. முடிஞ்சா பிரேக் தேவையில்லங்கறதுதான் என் கருத்து. சாதாரண ஏசிஎல் ஆபரேஷன்ல பெரும்பாலான பசங்க அந்த நிலைமைக்கு வந்துடுவாங்க. கூடவே மெனிஸ்கஸ், அதாவது முட்டிக்குள்ள மெத்தை மாதிரி இருக்கற குருத்தெலும்பு, அதையும் தைச்சிருந்தா கால்ல எடை வைக்கறதையே டாக்டர் சில வாரம் தள்ளிப் போடுவாங்க, அப்ப கணக்கு மாறும், டிஸ்சார்ஜ் சம்மரில அது இருக்கான்னு பாருங்க. உண்மையாவே முடியலன்னா ஒரு செமஸ்டர் பிரேக் ஒண்ணும் அவமானம் இல்ல, அரியர் சேர்த்துக்கிட்டு இழுத்துட்டுப் போறதவிட அது நல்லது.

இன்னொண்ணு அம்மா, அவன் ரூம் கதவச் சாத்திட்டு போன் பார்த்துட்டே இருக்கான், பகல்ல தூங்கறான், கோவப்படறான்னு எழுதியிருந்தீங்க. தினம் ஓடின பையன் திடீர்னு படுத்தா மனசு சோர்ந்து போறது சகஜம்தான். ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல தொடர்ந்து எதுலயும் ஆர்வம் இல்லாம, சாப்பாடு தூக்கம் கெட்டு இருந்தா, அடுத்த ஃபாலோ அப்ல அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, முட்டி பத்தி மட்டும் பேசிட்டு வந்துடாதீங்க. "எல்லாரும் எங்கயோ போயிட்டாங்க"ன்னு வீட்ல யாரும் அவன் காதுல விழற மாதிரி பேச வேண்டாம். அவன் நண்பர்கள வீட்டுக்கு வரச் சொல்லுங்க.

தம்பி, கடைசியா காலேஜுக்கு எழுதற மெயில். இத திறக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடியாவது துறைத் தலைவருக்கு அனுப்பணும், அப்பத்தான் டைம்டேபிள் போடறப்பவே மாத்த முடியும். "எனக்கு இந்தத் தேதில முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது, டிஸ்சார்ஜ் சம்மரி இணைச்சிருக்கேன். முதல் ரெண்டு மாசத்துக்கு என் வகுப்புகள தரைத் தளத்துல வைக்கவோ லிஃப்ட் பயன்படுத்தவோ அனுமதி வேணும். லேப்ல உக்காந்து செய்ய ஒரு ஸ்டூல் வேணும். பிசியோதெரபி நாட்கள்ல வர்ற லீவ மெடிக்கல் லீவா எடுத்துக்க என்ன சான்றிதழ் தரணும்னு சொல்லுங்க." அனுதாபம் கேட்டு ஒரு வரி கூட வேண்டாம், இந்த மாதிரி என்ன வேணும்னு நேராக் கேட்டாத்தான் அவங்களால செய்ய முடியும். கிளாஸ்ல நோட்ஸ் நல்லா எடுக்கற ஒரு ஃப்ரெண்ட்கிட்டயும் இப்பவே பேசி வெச்சுக்கோ, பிசியோ நாள்ல விட்டுப் போறத அன்னிக்கு ராத்திரியே வாங்கிடலாம்.

இந்த மெயில நாளைக்கே டைப் பண்ணிடு, எத்தன மாசத்துக்குங்கறத மட்டும் அடுத்த செக்கப் முடிஞ்சு டாக்டர் என்ன சொல்றாங்கன்னு பார்த்துட்டு போட்டுக்கலாம். அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு காப்பி அனுப்பு, திருத்தித் தரேன். ஊன்றுகோல் அளவெல்லாம் எடுத்துட்டீன்னா அதையும் சேர்த்து அனுப்பு.