எகோவாஸிலிருந்து விலகிய மூன்று நாடுகள்: வணிகமும் பாதுகாப்பும் – கேள்வி பதில்

2025 ஜனவரி 29 அன்று மாலி, புர்கினா பாசோ, நைஜர் ஆகிய மூன்று நாடுகளும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகமான எகோவாஸிலிருந்து முறைப்படி வெளியேறின. 1975-இல் லாகோஸ் உடன்படிக்கையால் உருவான அந்தக் கூட்டமைப்பில் இப்போது 12 நாடுகள் எஞ்சியுள்ளன. வெளியேறிய மூன்றும் சாஹேல் (சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள வறண்ட பகுதி) நாடுகளின் கூட்டணி என்ற பெயரில் தனி அணியாக இயங்குகின்றன. இந்த விலகலைப் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் தருகிறேன்.

கேள்வி: ஒரு நாடு நினைத்த மாத்திரத்தில் வெளியேறிவிட முடியுமா? இவர்கள் வெளியேறியதற்கு என்ன காரணம்?

பதில்: சட்டப்படி முடியாது. 1993-இல் திருத்தப்பட்ட எகோவாஸ் உடன்படிக்கையின் 91-ஆம் பிரிவின்படி, விலக விரும்பும் நாடு ஓராண்டுக்கு முன்பே எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். அந்த ஓராண்டு முழுவதும் தன் கடமைகளையும் நிறைவேற்ற வேண்டும். மூன்று நாடுகளும் 2024 ஜனவரி 28 அன்று உடனடியாக விலகுவதாக அறிவித்தபோதிலும், எகோவாஸ் அந்த ஓராண்டைக் கணக்கில் கொண்டே விலகலை ஏற்றது.

காரணங்கள் ஆட்சிக் கவிழ்ப்புகளில் தொடங்குகின்றன. மாலியில் 2020-லும் 2021-லும், புர்கினா பாசோவில் 2022-இல் இருமுறையும், நைஜரில் 2023 ஜூலையிலும் ராணுவம் அதிகாரத்தைக் கைப்பற்றியது. எகோவாஸ் மாலி மீதும் நைஜர் மீதும் கடுமையான பொருளாதாரத் தடைகளை விதித்தது. நைஜரில் படையெடுத்துத் தலையிடப்போவதாகவும் எச்சரித்தது. நைஜரின் மின்தேவையில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை வழங்கிவந்த நைஜீரியா அந்த மின்சாரத்தை நிறுத்தியது. அரசியலமைப்பைக் காக்க வேண்டும் என்ற நோக்கம் நியாயமானதுதான். ஆனால் இருட்டில் தவித்தவர்கள் தளபதிகள் அல்லர், மக்கள். அந்தக் கோபத்தை ராணுவ ஆட்சியாளர்கள் தமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொண்டார்கள் என்பதே என் கணிப்பு. 2024 பிப்ரவரியில் நைஜர் மீதான தடைகளில் பெரும்பாலானவை நீக்கப்பட்டபோது விலகல் அறிவிப்பு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது.

கேள்வி: நான் வணிகவியல் மாணவி. விலகிய மறுநாளே சுங்க வரிகள் ஏறியிருக்க வேண்டும் அல்லவா? அப்படி நடந்ததாகத் தெரியவில்லையே?

பதில்: நல்ல கேள்வி. பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்தைத்தான் சரியாக விளக்காமல் கடந்துவிடுகின்றன. மேற்கு ஆப்பிரிக்காவில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்கள் உள்ளன. எகோவாஸ் என்பது பெரிய வளையம். அதற்குள், பெரும்பாலும் பிரெஞ்சு மொழி வழங்கும் எட்டு நாடுகள் சேர்ந்த மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதார, நாணய ஒன்றியம் ஒன்று இருக்கிறது. இதற்கெனத் தனிச் சுங்க ஒன்றியமும் பொது நாணயமும் உண்டு. மாலியும் புர்கினா பாசோவும் நைஜரும் பெரிய வளையத்தை விட்டு வெளியேறினவே தவிர, சிறிய வளையத்தில் நீடிக்கின்றன. ஆகவே செனகல், ஐவரி கோஸ்ட், டோகோ, பெனின் ஆகிய நாடுகளுடனான அவற்றின் வணிகத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இன்றும் இருக்கிறது.

சிக்கல் அந்தச் சிறிய வளையத்தில் இல்லாத நாடுகளோடுதான். நைஜீரியாவும் கானாவும் அவற்றுள் முக்கியமானவை. நைஜருக்கும் நைஜீரியாவுக்கும் இடையே 1,500 கிலோமீட்டருக்கும் நீளமான எல்லை இருக்கிறது. அதன் பெரும்பகுதியில் இருபுறமும் ஹௌசா மொழி பேசும் மக்கள் வாழ்கிறார்கள். நைஜரின் வெங்காயமும் கால்நடையும் தெற்கே போவதும், புர்கினா பாசோவின் தக்காளி கானாவின் சந்தைகளை அடைவதும் பழைய வணிகம். பதப்படுத்தப்படாத விளைபொருள்களுக்கும், உறுப்பு நாட்டிலேயே உற்பத்தியானவை என்று சான்று பெற்ற தொழிற்பொருள்களுக்கும் வரிவிலக்கு அளிக்கும் எகோவாஸ் வணிகத் தாராளமயத் திட்டமே இதற்கு அடிப்படை. விலகிய நாட்டுக்கு அந்தத் திட்டத்தில் உரிமை கிடையாது. எனினும் வெளியேறிய அன்றே எகோவாஸ் ஆணையம், மறு அறிவிப்பு வரும்வரை இந்நாடுகளின் சரக்குகளைப் பழைய முறைப்படியே நடத்துமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. வரி உடனே ஏறாததற்கு அதுவே காரணம்.

அதே நேரத்தில், மறு அறிவிப்பு வரும்வரை என்ற நிபந்தனையை நம்பி யாரும் புதிய ஆலை கட்ட மாட்டார்கள், ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாட்டார்கள். வரி உயர்வைக் காட்டிலும் இந்த நிச்சயமின்மையே வணிகத்தை மெல்ல அரிக்கிறது. இதற்கிடையே 2025 மார்ச்சில் சாஹேல் கூட்டணி, தன் மூன்று நாடுகளுக்கு வெளியிலிருந்து வரும் சரக்குகள் மீது, மனிதாபிமான உதவிப் பொருள்கள் நீங்கலாக, 0.5 விழுக்காடு தீர்வையை அறிவித்தது. தொகை சிறியது. ஆனால் அண்டை நாடுகளின் சரக்கும் இனி வெளிநாட்டுச் சரக்கே என்று முதன்முறையாக எழுத்தில் வந்திருக்கிறது.

கேள்வி: அப்படியானால் நாணயமும் மாறவில்லையா?

பதில்: மாறவில்லை. ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க் என்று நிலைநிறுத்தப்பட்ட சி.எஃப்.ஏ. பிராங்க்கே தொடர்கிறது, செனகலின் டக்கார் நகரிலுள்ள பொது மத்திய வங்கியே அதை வெளியிடுகிறது. தனி நாணயம் பற்றிய பேச்சு ஆட்சியாளர்களிடையே இருந்தாலும், அந்த முடிவு எகோவாஸ் விலகலைவிடப் பன்மடங்கு பாரமானது.

கேள்வி: மூன்றுக்கும் கடல் இல்லை. கடலோர நாடுகள் துறைமுகத்தை மூடிவிட்டால் என்ன செய்வார்கள்?

பதில்: சட்டம் ஓரளவு அவர்கள் பக்கம் இருக்கிறது. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 125-ஆம் பிரிவு, கடலற்ற நாடுகளுக்குக் கடலை அடையும் உரிமையையும் இடைப்பட்ட நாடுகளின் வழியே சரக்கைக் கொண்டுசெல்லும் உரிமையையும் அளிக்கிறது. உலக வணிக அமைப்பின் விதிகளும் சரக்குப் போக்குவரத்துச் சுதந்திரத்தை வலியுறுத்துகின்றன. ஆனால் எல்லைச் சாவடியில் நிற்கும் லாரியை நகர்த்த ஒரு சட்டப்பிரிவு மட்டும் போதாது.

நைஜர், பெனின் விவகாரத்தைப் பாருங்கள். நைஜருக்கு மிக எளிதான வழி பெனினின் கொட்டோனு துறைமுகம். தடைகள் நீங்கிய பிறகு பெனின் தன் எல்லையைத் திறந்தது. நைஜரோ, பெனின் மண்ணில் பிரெஞ்சுப் படைத்தளங்கள் இருப்பதாகக் குற்றஞ்சாட்டி, பெனின் அதை மறுத்தபோதும், தன் பக்கத்து எல்லையைத் திறக்க மறுத்தது. விளைவாக, சரக்கு டோகோவின் லோமே துறைமுகத்தில் இறங்கி, புர்கினா பாசோவின் ஆபத்தான பகுதிகளைக் கடந்து, ராணுவக் காவலுடன் நைஜர் போய்ச்சேர வேண்டியதாயிற்று. நீண்ட தூரமும் காவலும் காத்திருப்பும் அரிசி, சிமெண்ட் விலையில் வந்து சேர்கின்றன. அதேவேளையில், நைஜரின் அகாடெம் எண்ணெய் வயல்களிலிருந்து பெனின் கடற்கரை வரை ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் நீளும் குழாய் இரு நாடுகளையும் கட்டிப்போட்டிருக்கிறது. 2024 மேயில் பெனின் கப்பலில் எண்ணெய் ஏற்றுவதைச் சிறிது காலம் தடுத்தது; பிறகு விட்டுக்கொடுத்தது. அரசியலில் முறைத்துக்கொண்டாலும் எண்ணெய் வருவாயை இரு தரப்பும் இழக்க விரும்பவில்லை.

கேள்வி: எகோவாஸ் படை சாஹேலில் தீவிரவாதிகளுடன் போரிட்டதே இல்லை. பிறகு பாதுகாப்பில் இழப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

பதில்: நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரிதான். அங்கே போரிட்டவை வேறு படைகள். அவை ஒவ்வொன்றாக அகன்றுவிட்டன. பிரெஞ்சுப் படைகள் 2022 ஆகஸ்டில் மாலியையும், 2023-இல் மற்ற இரு நாடுகளையும் விட்டுப் போயின. ஐ.நா. அமைதிப்படையின் மாலிப் பணி 2023 இறுதியில் முடிவுக்கு வந்தது. ஐந்து சாஹேல் நாடுகளின் கூட்டு அமைப்பு, மாலி 2022-லும் புர்கினா பாசோவும் நைஜரும் 2023-லும் விலகியதால் கலைந்தது. எகோவாஸ் விலகல் இந்த வரிசையில் மற்றுமொரு கண்ணி. அதனால் எந்தப் படைப்பிரிவும் திரும்பிச் செல்லவில்லை. இழந்தது அன்றாட உறவை: எல்லையின் இருபுறத்து அதிகாரிகள் தொலைபேசியில் பேசிக்கொள்வது, சேர்ந்து ரோந்து போவது, தேடப்படுபவரின் பெயரைப் பகிர்வது, துரத்தப்படுபவன் எல்லைக் கோட்டைத் தாண்டினால் மறுபக்கம் தயாராக நிற்பது.

இதன் விலை என்னவென்று நைஜீரியாவின் வடமேற்கில் பார்க்கலாம். சோக்கோட்டோ, கெப்பி மாநிலங்களில் லகுராவா என்ற ஆயுதக் குழு தலைதூக்கியபோது, நைஜரில் நடந்த கவிழ்ப்புக்குப் பின் கூட்டு எல்லை ரோந்து நின்றுபோனதை அது பயன்படுத்திக்கொண்டதாக நைஜீரிய ராணுவமே 2024 நவம்பரில் கூறியது. அடுத்த எடுத்துக்காட்டு பெனின், புர்கினா பாசோ, நைஜர் மூன்றும் சந்திக்கும் டபிள்யூ தேசியப் பூங்காக் காடு. மூன்று நாடுகளுக்கும் பொதுவான அந்தக் காட்டில் ஆயுதக் குழுக்களுக்கு எல்லை கிடையாது. ராணுவங்களுக்கு மட்டுமே உண்டு. 2025 ஏப்ரல் 17 அன்று அப்பகுதியில் பெனின் வீரர்கள் 54 பேர் கொல்லப்பட்டார்கள். எல்லைக்கு அப்பால் தனக்குத் துணை இல்லை என்று பெனின் அரசு வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டது. அந்த 54 குடும்பங்களுக்கு, யார் எந்த உடன்படிக்கையில் நீடிக்கிறார்கள் என்பது தலைநகரங்களின் கௌரவப் பிரச்சினையாக இருக்க முடியாது.

கேள்வி: சாஹேல் கூட்டணி 5,000 வீரர்கள் கொண்ட கூட்டுப்படையை அமைக்கிறதே, அது இந்த இடைவெளியை நிரப்பாதா?

பதில்: மூன்று நாடுகளும் சந்திக்கும் லிப்டாக்கோ-கூர்மா பகுதியில் பயன்படக்கூடும், 2023 செப்டம்பரில் கையெழுத்தான அவர்களுடைய சாசனமே அந்தப் பகுதியின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. ஆனால் ஆயுதக் குழுக்கள் இப்போது தெற்கு நோக்கி நகர்கின்றன. கூட்டணியின் வெளி எல்லையில் அண்டை நாட்டின் ஒத்துழைப்புக்கு ஈடாக எந்தப் படையும் அமையாது. சாட் ஏரிப் பகுதியின் பன்னாட்டுக் கூட்டுப்படையிலிருந்தும் நைஜர் 2025 மார்ச்சில் விலகியது. அது எகோவாஸின் படை அல்ல. அதிலிருந்தும் விலக வேண்டிய கட்டாயம் எதுவும் இருக்கவில்லை என்பதால் அம்முடிவு எனக்குக் கூடுதல் கவலை தருகிறது.

கேள்வி: வணிகத்தையும் பாதுகாப்பையும் தனித்தனியாகப் பேசித் தீர்த்துவிட முடியாதா?

பதில்: முடியாது என்பதற்கு மாலியில் 2025-இல் நடந்ததே சான்று. அல்-காய்தாவைச் சார்ந்த ஜேஎன்ஐஎம் குழு செப்டம்பரில் எரிபொருள் முற்றுகையை அறிவித்து, செனகலிலிருந்தும் ஐவரி கோஸ்டிலிருந்தும் வரும் டேங்கர் லாரிகளைத் தாக்கி எரித்தது. தலைநகர் பமாகோவில் எரிபொருள் நிலையங்கள் வறண்டன. அக்டோபர் இறுதியில் நாடு முழுவதும் பள்ளிகளை இரண்டு வாரம் மூட நேர்ந்தது. சுங்க வரி எவ்வளவு என்பதற்கு அங்கே பொருளே இல்லை. ஒரு டேங்கர் டக்காரிலிருந்து கிளம்பி செனகல் மண்ணைக் கடந்து எல்லையை அடைகிறது, அங்கிருந்து மாலி ராணுவத்தின் பாதுகாப்பில் வருகிறது. இரு நாட்டு அதிகாரிகளும் பேசிக்கொள்ளாவிட்டால் டேங்கர் எல்லையைக் கடக்கும் அந்த நேரமே தாக்குபவர்களுக்கு வாய்ப்பாகிவிடும்.

கேள்வி: எல்லை கடந்து வேலைக்குப் போகிறவர்கள், மாடு மேய்ப்பவர்கள் கதி என்ன?

பதில்: 1979-ஆம் ஆண்டின் எகோவாஸ் நெறிமுறை விசா இல்லாமல் 90 நாள் தங்கவும், பின்னர் குடியிருந்து தொழில் செய்யவும் வழிவகுத்தது. ஐவரி கோஸ்டின் கொக்கோ தோட்டங்களில் தலைமுறைகளாக உழைக்கும் புர்கினா பாசோ மக்களுக்கு இது வாழ்வுரிமை. எகோவாஸ் சின்னம் பொறித்த கடவுச்சீட்டுகள் இப்போதைக்கு ஏற்கப்படுகின்றன. சாஹேல் கூட்டணியும் அண்டை மக்களுக்கு விசா கேட்கப்போவதில்லை என்று அறிவித்துள்ளது. மேய்ப்பர்களின் நிலை இன்னும் நுட்பமானது. 1998-இல் எகோவாஸ் உருவாக்கிய பன்னாட்டு மேய்ச்சல் சான்றிதழைக் காட்டித்தான் மந்தைகள் வறண்ட காலத்தில் தெற்கே நகர்ந்துவந்தன. அந்தச் சான்றிதழ் செல்லாமல் போனால் மந்தைகள் நிற்கப்போவதில்லை, திருட்டு வழியில் போகும். அங்கே வரி வசூலிப்பது ஆயுதக் குழுக்கள்.

கேள்வி: பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதோடு இதை ஒப்பிடலாமா?

பதில்: ஓரளவுக்கு ஒப்பிடலாம். பிரிட்டன் வரியில்லா ஒப்பந்தம் பெற்றும், சரக்கு எந்த நாட்டில் உற்பத்தியானது என்ற சான்று, உணவுப் பொருள் சோதனை என்று தாள்வேலை பெருகியது. 2019-இல் அதன் காவல்துறை சுமார் 60 கோடி முறை அலசிய, தேடப்படுவோர் பற்றிய விவரங்களை ஐரோப்பிய நாடுகள் பகிரும் ஷெங்கன் தகவல் தளம் 2020 இறுதியில் அதற்கு மூடப்பட்டது. ஆனால் பிரிட்டனுக்குச் சொந்தத் துறைமுகங்கள் உண்டு, நாட்டுக்குள் போர் இல்லை. இன்னும் நெருக்கமான ஒப்பீடு மொரித்தானியா. அது 2000-இல் எகோவாஸை விட்டு விலகி, 2017-இல் இணக்க ஒப்பந்தத்தின் வழியே மீண்டும் நெருங்கியது. அதற்கும் கடற்கரையும் தனி நாணயமும் இருந்தன.

கேள்வி: பேச்சுவார்த்தையில் முதலில் எதை முடிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

பதில்: 2025 மே மாதம் பமாகோவில் இரு தரப்பும் சந்தித்துப் பேச்சைத் தொடங்கின. முழுமையான வணிக ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எல்லைப் படைத்தளபதிகளுக்கு இடையே நேரடித் தொடர்பு, குறிப்பிட்ட தூரம் வரை எல்லை தாண்டித் துரத்துவதற்கான அனுமதி, எரிபொருளும் மருந்தும் ஏற்றிய லாரிகளுக்கு இரு நாட்டுக் காவலையும் இணைக்கும் ஏற்பாடு, மேய்ச்சல் சான்றிதழின் நீட்டிப்பு ஆகியவற்றை முதலில் தனியே எடுத்துக் கையெழுத்திடலாம். இவற்றில் எதற்கும் எவரும் எகோவாஸுக்குத் திரும்ப வேண்டியதில்லை. நைஜீரிய, நைஜர் ராணுவத் தலைவர்கள் 2024 ஆகஸ்டில் நைஜர் தலைநகர் நியாமேயில் சந்தித்து ஒத்துழைப்பைப் புதுப்பிக்க ஒப்புக்கொண்டபோது, விலகல் அறிவிப்பு நடைமுறைக்கு வரக் காத்திருந்தது; அது அவர்களைத் தடுக்கவில்லை.